ஊதல் பரிசோதனைக்குத் துண்டு கிடைத்திருக்கிறதா? திருகோணமலையில் முதல் தடவை போகிறவர்களுக்கு

டொக்டர் துண்டில் 'ஸ்பைரோமெட்ரி' என்று எழுதித் தந்திருப்பார், அல்லது 'ஒரு லங் ஃபங்ஷன் டெஸ்ட் செய்துகொண்டு வாங்கோ' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். வெளியே வந்து வாங்கில் இருந்து யோசித்தால் இது ஊசியா, ஸ்கேனா, சாப்பிடாமல் போக வேண்டுமா, வலிக்குமா, ஒன்றும் விளங்காது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, வெறும் வயிறும் தேவையில்லை. ஒரு குழாயை வாயில் வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இருக்கிற பலம் எல்லாம் சேர்த்து ஊத வேண்டும். இரத்தம் எடுக்கிற இடத்தில் கையை நீட்டினால் போதும், மிச்சத்தை லாப்காரர் பார்த்துக்கொள்வார். இங்கே முடிவு உங்கள் மூச்சிலிருந்தும் முயற்சியிலிருந்தும் வருகிறது. அரைமனதாக ஊதினால் இல்லாத வருத்தம் தாளில் வந்து நிற்கும், ஊதக்கூடாத நாளில் ஊதினால் உடம்புக்கே கேடு.

நான் இந்த அறையில் நின்று ஆட்களை ஊத வைக்கிற வேலை செய்கிறேன். இரண்டு விதமான ஆட்களைக் கண்டால் மனம் பொறுக்காது. ஒருவர், ஆஸ்மா என்று யாரோ எப்போதோ சொல்லி வருடக்கணக்காகப் பம்ப் அடித்துக்கொண்டிருப்பவர், ஆனால் ஒரு தரமும் ஊதிப் பார்த்ததில்லை. மற்றவர், ஓடி ஆடித் திரிகிற சுகதேகி, சின்ன ஒப்பரேஷன் ஒன்றுக்காக அல்லது ஏதோ ஒரு பக்கேஜில் சேர்ந்திருந்ததற்காக ஊத வந்தவர். தேவைப்படுகிறவருக்குக் கிடைக்கவில்லை, தேவையில்லாதவருக்குக் காசும் நேரமும் போகிறது. இரண்டும் குறையட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எதற்காக ஊதுகிறோம்

நிறைய இழுத்த மூச்சைக் கடைசி மட்டும் ஊதி முடித்தால் மொத்தம் எத்தனை லீட்டர் வெளியே வந்தது என்பது ஓர் எண். அதை எஃப்விசி என்பார்கள். அதில் முதல் ஒரு செக்கனில் மட்டும் எவ்வளவு வந்தது என்பது இன்னோர் எண், அது எஃப்ஈவி1. இரண்டாவதை முதலாவதால் பிரித்தால் வருகிற விகிதத்தைத்தான் டொக்டர் முதலில் பார்ப்பார். மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருந்தால் உள்ளே காற்று இருந்தும் அது வேகமாக வெளியே வர வழியில்லை, ஆகவே முதல் செக்கன் அளவு விழும், விகிதமும் கூடவே விழும். ஆஸ்மாவும், நெடுநாள் புகையால் மூச்சுக்குழாய்கள் சுருங்கி முழுதாக விரியாமல் போகிற சிஓபிடி என்ற வருத்தமும் இந்த வகை. நுரையீரல் இறுகிப்போயிருந்தால் அல்லது முதுகு வளைந்து நெஞ்சுக்கூடு விரிய முடியாமல் இருந்தால் மொத்த அளவே குறையும், ஆனால் உள்ளது விறுவிறென்று வந்துவிடும். முன்பு சயரோகம் வந்து மாறினவர்களில் இரண்டு விதமும் பார்க்கலாம், கலந்தும் வரும்.

இதோடு சேர்த்துக் குழப்புகிற வேறு சாமான்கள் இருக்கின்றன. கொரோனாக் காலத்தில் பலர் வாங்கி வைத்த, விரலில் மாட்டுகிற ஒக்சிமீற்றர் இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று மட்டும் காட்டும். 98 என்று காட்டுகிறவருக்கும் மூச்சுக்குழாய் நன்றாகச் சுருங்கியிருக்கலாம். ஒப்பரேஷனுக்குப் பிறகு கொடுக்கிற மூன்று பந்துக் கருவி நுரையீரலை விரிக்கிற பயிற்சிக்கு. அதில் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், அது பரிசோதனை அல்ல, மூன்று பந்தும் மேலே போகிறது என்பதால் நுரையீரல் சரி என்று முடிவு கட்டவும் முடியாது. நெஞ்சு எக்ஸ்ரே தேவையான ஒன்றுதான், ஆனால் ஆஸ்மாக்காரர் பலருக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்.

உங்களுக்கு இது தேவையா

துண்டு கிடைத்தவுடன் திகதி எடுக்க ஓடாமல் முதலில் இதைக் கேளுங்கள்: இந்த எண்கள் தெரிந்தால் டொக்டர் எதை மாற்றப் போகிறார்? பதில் இருந்தால் பரிசோதனைக்கு அர்த்தம் இருக்கிறது.

நெடுநாள் இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குதல், இரவில் நெஞ்சு விசிலடித்தல், மாரி தொடங்கினால் முட்டு, இப்படி ஒன்று இருந்து காரணம் தெளிவாகவில்லை என்றால் ஊத வேண்டும். நாற்பது வயதைத் தாண்டி, சிகரட்டோ பீடியோ சுருட்டோ நெடுநாள் பத்தி, இப்போது சளியும் மூச்சு வாங்கலும் இருந்தால் கட்டாயம் ஊத வேண்டும், ஏனென்றால் சிஓபிடியை ஊதாமல் உறுதிப்படுத்த வழியில்லை. இந்த இடத்தில் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், குச்சவெளி என்று எங்கே பார்த்தாலும் விறகடுப்பில் ஆயுள் முழுக்கச் சமைத்த அம்மாமார் இருக்கிறார்கள். ஒரு சிகரட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனால் கூரை தாழ்ந்த குசினியில் அந்தப் புகையை முப்பது நாற்பது வருடம் குடித்திருப்பார்கள். அவர்களுக்கும் அதே சிஓபிடி வரும். 'சிகரட் பத்துவீங்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று சொன்னதோடு கதை முடிந்துவிடுகிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், டொக்டர் கேட்காவிட்டாலும், 'விறகடுப்பில் சமைக்கிறவ, இத்தனை வருடமாக' என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

தொழிலும் ஒரு காரணம். மாத் தூசு, சீமெந்துத் தூசு, கல் உடைக்கிற தூசு, நெல் ஆலை உமித் தூசு ஆகியவற்றுக்குள் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருமலோ இழுப்போ தொடங்கினால், அதுவும் லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடினால், அதைச் சொல்லித்தான் ஊத வேண்டும். சீனன்குடாப் பக்கம் ஆலைகளில், கந்தளாய், தம்பலகாமம் பக்கம் நெல் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மா ஆலையிலும் பேக்கரியிலும் மாத் தூசால் ஆஸ்மா வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அப்புறம் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர்கள், சங்கு, கடலட்டைக்குப் போகிறவரானாலும் நிலாவெளியில் சுற்றுலாக்காரரைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறவரானாலும், முன்பு ஆஸ்மா இருந்திருந்தால் டொக்டரோடு கதைத்து ஊதிப் பார்ப்பது நல்லது. நுரையீரலில் காற்று அடைபட்ட நிலையில் ஆழத்திலிருந்து மேலே வந்தால் அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

ஏற்கெனவே பம்ப் பாவிக்கிறவர் ஒருநாளும் ஊதியதில்லையென்றால், 'டொக்டர், நான் ஒருக்கா ஊதிப் பார்க்கலாமா?' என்று நீங்களே கேட்கலாம். இது மரியாதைக் குறைவு இல்லை, நியாயமான கேள்வி. மூச்சு வாங்குதல் எல்லாம் ஆஸ்மா கிடையாது. இதய வருத்தமாக இருக்கலாம், இரத்தம் குறைந்ததாகவும் இருக்கலாம். பம்ப் அடித்தும் குணம் காணாதவர்களில் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

இனி, தேவையில்லாத இடங்கள். ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்குச் 'சும்மா ஒருக்கா செக் பண்ணுவம்' என்று செய்வதில் பலன் இல்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவச் சேவைக் குழு 2016இல் இதைப் பார்த்து, அறிகுறி இல்லாத பெரியவர்களிடம் சிஓபிடி தேடி ஊதவைக்க வேண்டாம் என்று சொன்னது, 2022இலும் அதையே உறுதி செய்தது. காரணம் லேசானது: அறிகுறி இல்லாதவரிடம் முன்கூட்டிக் கண்டுபிடித்தாலும் அவருடைய எதிர்காலம் அதனால் மாறியதாகத் தெரியவில்லை. சிகரட் பத்துகிறவருக்குச் சொல்ல வேண்டியது ஊதினாலும் ஊதாவிட்டாலும் ஒன்றுதான், விடுங்கள். 'நோர்மல்' என்று தாளில் வந்தால் அதைக் காட்டித் தொடர்ந்து பத்துகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை.

ஒப்பரேஷனுக்கு முன் ஊதுவதும் அப்படித்தான். நெஞ்சு வருத்தமோ மூச்சுக் கஷ்டமோ இல்லாத ஒருவர் கண்ணில் வெண்புரை எடுக்கவோ ஹேர்னியாவுக்கோ போகிறார் என்றால் இந்தப் பரிசோதனையால் மயக்க மருந்து டொக்டருக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. தேவையற்ற பரிசோதனைகளைக் குறைக்க அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய 'சூசிங் வைஸ்லி' இயக்கத்தின் பட்டியல்களிலும் இது இருக்கிறது. ஆஸ்மாவை ஊதிப்பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள் என்பதும் அதே இயக்கத்தில்தான் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கிற ஒப்பரேஷன் என்றால் கதை வேறு, அங்கே ஊதித்தான் ஆக வேண்டும். ஆஸ்மாவோ சிஓபிடியோ இருந்து அது கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தாலும், காரணம் தெரியாத மூச்சு வாங்கல் இருந்தாலும் டொக்டர் கேட்பது நியாயம்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரத்தில் காய்ச்சல், மெலிவு, சளியில் இரத்தம் என்று இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. அதற்கு மார்பு நோய் கிளினிக்குக்குப் போங்கள், அரசாங்கத்தில் அது இலவசம். சயரோகம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊதல். சயரோகம் உள்ளவர் மூடிய அறையில் பலமாக ஊதி இருமினால் அங்கே நிற்கிற எங்களுக்கும் அடுத்து வருகிறவருக்கும் தொற்றக்கூடும்.

தள்ளிப்போட வேண்டிய நாட்கள்

முழுப் பலத்தோடு ஊதும்போது நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் தலைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் அழுத்தம் திடீரென்று ஏறும், இதயத்துக்குத் திரும்புகிற இரத்தமும் அந்தச் சில செக்கன்கள் குறையும். சாதாரண உடம்புக்கு இது ஒன்றுமில்லை, ஒரு சின்னத் தலைச்சுற்றோடு போய்விடும். ஆனால் தையல் ஆறாத இடமோ பலவீனமான இரத்தக்குழாயோ இருந்தால் விட்டுப்பிடிக்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய நெஞ்சு நோய்ச் சங்கங்கள் சேர்ந்து 2019இல் புதுப்பித்த நெறிமுறையைத்தான் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அதன்படி முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

மாரடைப்பு வந்து ஒரு கிழமை ஆகவில்லையென்றால் ஊதக்கூடாது. கண் ஒப்பரேஷன், காது ஒப்பரேஷன், சைனஸ் ஒப்பரேஷன் செய்து ஒரு கிழமைக்குள்ளும் வேண்டாம். உங்கள் கண் டொக்டர் அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ மூளையிலோ ஒப்பரேஷன் செய்திருந்தால் நான்கு கிழமை போக வேண்டும். சிசேரியனும் வயிற்று ஒப்பரேஷன்தான், அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நிறைமாதக் கர்ப்பிணிகள் பிள்ளை பிறந்த பிறகு வரலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நிற்கிறது என்று எக்ஸ்ரேயில் சொல்லியிருந்தால் அது சரியாகும் வரை குழாயைத் தொடாதீர்கள். மூளையில் இரத்தக்குழாய் வீங்கியிருப்பவர்கள், மிகவும் கூடிய பிரஷரோ மிகவும் குறைந்த பிரஷரோ உள்ளவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், இதயம் பலவீனமாகி மூச்சு முட்டுகிற நிலையில் இருப்பவர்கள், நுரையீரல் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைத்து இன்னும் உடல்நிலை சீராகாதவர்கள், இருமும்போதே மயங்கி விழுந்த அனுபவம் உள்ளவர்கள், இவர்கள் எல்லோரும் அறைக்குள் வந்து இருப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தலையில் பலமாக அடிபட்டு இன்னும் தலையிடி, மயக்கம் இருப்பவரும் அப்படியே.

இவற்றில் பலதும் 'ஒருக்காலும் கூடாது' என்ற வகையில்லை, டொக்டர் நன்மை தீமை நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கிற வகை. ஆனால் அவர் நிறுத்துப் பார்க்க வேண்டுமென்றால் அவருக்குத் தெரிய வேண்டும். துண்டு எழுதியவர் ஒரு டொக்டர், ஒப்பரேஷன் செய்தவர் இன்னோர் இடத்தில் இன்னொருவர், ஊதவைக்கிற எங்களுக்கு இரண்டும் தெரியாது. கிளினிக் கொப்பியையும் டிஸ்சார்ஜ் கார்ட்டையும் கையோடு கொண்டுவாருங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

ஆபத்து இல்லாவிட்டாலும் பிரயோசனமில்லாத நாட்களும் உண்டு. தடிமன், காய்ச்சல், நெஞ்சில் சளிக்கட்டு இருக்கும்போது ஊதினால் வருகிற எண் அந்தக் காய்ச்சலின் எண். அது ஆறிச் சில கிழமை கழித்து வாருங்கள். வாயில் புண், பல் பிடுங்கிய நோவு இருந்தால் குழாயை இறுக்கிப் பிடிக்க முடியாது. முகவாதம் வந்து உதடு ஒரு பக்கம் இழுபட்டவருக்கும் காற்று ஒழுகும். சொல்வதை விளங்கிச் செய்ய முடியாத அளவு மறதியுள்ள பெரியவர்களை இதற்காக அலைக்கழிக்க வேண்டாம். பிள்ளைகள் ஐந்து ஆறு வயதிலிருந்து சரியாக ஊதுவார்கள், அதற்குக் கீழே என்றால் சிறுபிள்ளைகளோடு பழக்கப்பட்டவர்கள் செய்தால்தான் சரிவரும்.

முதல் நாளும் காலையும்

பம்ப் விஷயம்தான் எல்லோரும் தடுமாறுகிற இடம். முதலில் டொக்டரிடம் ஒரே ஒரு கேள்வி: 'பம்ப்பை நிறுத்திவிட்டு வரவா, அடித்துக்கொண்டே வரவா?' வருத்தம் என்ன என்று கண்டுபிடிக்க ஊதுவதென்றால் நிறுத்தச் சொல்வார், கொடுத்த மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ஊதுவதென்றால் வழமைபோல் பாவித்துக்கொண்டு வரச் சொல்வார். நிறுத்துவதென்றால், சல்பியூட்டமோல், அதாவது வென்டலின் வகை, 4 முதல் 6 மணித்தியாலம். இப்ரற்றோப்பியம் 12 மணித்தியாலம். ஃபோர்மொட்டெரோல், சல்மெட்டெரோல் கலந்த பம்ப்புகள் 24 மணித்தியாலம். தியோட்ரோப்பியம் 36 முதல் 48 மணித்தியாலம். கெப்சூல் போட்டு இழுக்கிற வகையானாலும் உள்ளே இருக்கிற மருந்தைப் பார்த்தே கணக்கு. பெக்ளோமெத்தசோன் போன்ற, தனியாக வருகிற ஸ்டீரொயிட் பம்ப்பை நிறுத்த வேண்டியதில்லை.

இதைப் பெரிய எழுத்தில் வாசியுங்கள்: நிறுத்தியிருக்கும்போது இரவில் முட்டு வந்தால் பம்ப்பை அடியுங்கள். பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். எத்தனை மணிக்கு, எத்தனை தரம் அடித்தீர்கள் என்று எழுதிக்கொண்டு வந்து காட்டுங்கள், தேவையென்றால் வேறு திகதி தருவோம். திகதி திரும்பக் கிடைக்கும்.

காலையில் வழமைபோல் சாப்பிடலாம், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், முட்டின வயிறு மூச்சை முழுதாக இழுக்க விடாது. நோன்பு காலத்தில் திகதி கிடைத்தால், நடுவில் பம்ப் அடிக்க வேண்டிவரும் என்பதை யோசித்து, பெருநாளுக்குப் பிறகு திகதி கேட்பது லேசு. சிகரட் குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்பே நிறுத்த வேண்டும், சாராயம் எட்டு மணித்தியாலம். சைக்கிளில் மூச்சிரைக்க மிதித்து வந்து அப்படியே ஊதவும் கூடாது, ஒரு மணித்தியாலம் ஆறியிருங்கள். கிண்ணியாவிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வருகிறவர்கள் வெள்ளென பஸ் பிடித்து வந்து நிழலில் இருந்துவிட்டு உள்ளே வாருங்கள். பெல்ட், பாவாடை நாடா, இறுக்கமான உள்ளாடை எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் துப்பி, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வர வேண்டும், பாக்குத் துண்டு தொண்டைக்குள் போனால் பெரிய வில்லங்கம். கட்டுப்பல் இறுக்கமாக நிற்கிறதென்றால் போட்டபடியே ஊதுங்கள், உதடு நன்றாக மூடும். ஆடுகிறதென்றால் கழற்றிவிடுங்கள். கடைசியாக, டொய்லெட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்குப் பலமாக ஊதும்போது கொஞ்சம் சிறுநீர் போய்விடும், அந்தப் பயத்தில் அரைவாசி ஊதி நிறுத்திவிடுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

அறைக்குள்

உள்ளே போனவுடன் உயரத்தை அளப்பார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய டொக்டர் 1846இல் தன் ஊதல் கருவியைப் பற்றி எழுதியபோதே, உயரம் கூடக்கூட மூச்சளவும் கூடுகிறது என்று ஆயிரக்கணக்கானவர்களை அளந்து காட்டியிருந்தார். இன்றைக்கும் உங்கள் எண்ணை உங்கள் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்து எதிர்பார்க்கிற அளவோடுதான் ஒப்பிடுகிறார்கள். 'ஐந்தடி ஐந்து இருக்கும்' என்று வாயால் சொன்னதை எழுதினால் கணக்கே பிழைத்துவிடும். கூனல் விழுந்தவர்களுக்கு இரண்டு கையையும் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவார்கள்.

கதிரையில் நிமிர்ந்து இருந்து இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றுங்கள். புதிய வாய்க்குழாயும் ஃபில்ட்டரும் உங்களுக்கு முன்னால் மாட்டப்படுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். மூக்கில் ஒரு கிளிப் போடுவார்கள். குழாயைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் சுற்றி மூடுங்கள், நாக்கு ஓட்டையை அடைக்கக்கூடாது. இனி இழுங்கள், இன்னும் இழுங்கள், இனி இடமில்லை என்கிற வரை. நிறைந்தவுடன் ஒரு செக்கன்கூடத் தாமதிக்காமல் வெடிப்பாக ஊத வேண்டும். அடுப்படியில் ஊதாங்குழலால் ஊதுவதுபோல் கன்னத்தை உப்பவைத்து மெதுவாக ஊதினால் முதல் செக்கன் எண் விழுந்துவிடும். நெஞ்சிலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். அதற்குப் பிறகு நிறுத்தக்கூடாது. முடிந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும், ஆனால் உள்ளே இன்னும் இருக்கும். நாங்கள் பக்கத்தில் நின்று 'ஊதுங்கோ, ஊதுங்கோ, விடாதீங்கோ, இன்னும் இருக்கு' என்று கத்துவோம். ஏசுகிறோம் என்று நினைக்காதீர்கள். திரையில் கோடு தட்டையாகும் வரை, இல்லாவிட்டால் 15 செக்கன் வரை போக வேண்டும். வயதானவர்கள், குழாய் சுருங்கியவர்கள் பலருக்கு அந்தக் கடைசிச் செக்கன்களில்தான் உண்மை தெரியும்.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு மீன்பிடிக்கார ஐயா முதல் இரண்டு தரமும் நல்ல பலமாக ஊதினார், ஆனால் இழுக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு ஊதினார். மொத்த அளவு மிகக் குறைவாக வந்தது. அந்தத் தாளை அப்படியே கொடுத்திருந்தால் நுரையீரல் சுருங்கிவிட்டது என்று ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பார்கள். 'ஐயா, தண்ணிக்குள்ள முங்கப் போறீங்க, அதுக்கு எவ்வளவு இழுப்பீங்களோ அவ்வளவு இழுங்கோ' என்றவுடன் தோள் இரண்டும் மேலே எழும்ப இழுத்தாரே பாருங்கள், மொத்த அளவு ஒரு லீட்டருக்கு மேல் கூடிவிட்டது.

குறைந்தது மூன்று நல்ல ஊதல் வேண்டும், அதில் மேலான இரண்டும் ஒன்றுக்கொன்று 150 மில்லிலீட்டருக்குள் ஒத்துவர வேண்டும். பெரியவர்களுக்கு எட்டுத் தரத்துக்கு மேல் போவது வழமையில்லை, அதற்குள் களைத்துவிடுவார்கள். நடுவில் ஓய்வு கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள். தலை சுற்றினால், நெஞ்சு நொந்தால், கண் இருட்டினால் உடனே கையைத் தூக்குங்கள், அந்த இடத்திலேயே நிறுத்துவோம். முதல் சுற்று முடிந்தபின் பெரும்பாலும் சல்பியூட்டமோல் நான்கு தரம் ஸ்பேசரில், அதாவது பம்ப்பில் மாட்டுகிற பிளாஸ்டிக் குடுவையில், அடித்து, 10 முதல் 15 நிமிடம் இருக்கவைத்து, திரும்ப ஊதச் சொல்வார்கள். கை நடுங்கும், நெஞ்சு கொஞ்சம் படபடக்கும், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். 'முதல் சுற்றோடு போதும், பஸ் போய்விடும்' என்று எழும்பிப் போகாதீர்கள். ஆஸ்மாவா சிஓபிடியா என்ற கேள்விக்கு இரண்டாவது சுற்று இல்லாமல் பதில் சொல்வது கஷ்டம்.

கையில் வருகிற தாள்

தாளை டொக்டர்தான் வாசிக்க வேண்டும், ஆனால் உங்களுக்கும் கொஞ்சம் விளங்க வேண்டும். ஒருவருடைய மொத்தம் 3 லீட்டர், முதல் செக்கன் 1.5 லீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.5. பம்ப் அடித்தபின் முதல் செக்கன் 1.8 லீட்டராக ஏறினால், 300 மில்லிலீட்டர் கூடியிருக்கிறது, அது 20 வீதம். 200 மில்லிலீட்டரும் 12 வீதமும் தாண்டினால் குழாய் மருந்துக்கு விரிகிறது என்று நெடுங்காலமாக எடுத்துக்கொள்கிறார்கள், அது ஆஸ்மாப் பக்கம் கையைக் காட்டும். 2022இல் வந்த புதிய கணக்கு, அந்த ஆளுக்கு எதிர்பார்க்கிற அளவில் 10 வீதத்துக்கு மேல் கூடுகிறதா என்று பார்க்கிறது. பம்ப்புக்குப் பிறகும் விகிதம் 0.7க்குக் கீழேயே நின்றால், அறிகுறியும் புகை வரலாறும் சேர்ந்திருந்தால், சிஓபிடி என்பார்கள். எழுபது எண்பது வயதில் இந்த விகிதம் இயல்பாகவே இறங்கும், ஆகவே 0.68 என்று கண்டு பதற வேண்டாம். வயதுக்கேற்ற கீழெல்லை எது என்றும் டொக்டர் பார்ப்பார்.

விகிதம் நன்றாக இருந்து மொத்த அளவு குறைவாக இருந்தால், அந்த மீன்பிடிக்கார ஐயாவைப்போல் சரியாக இழுக்கவில்லையா என்று முதலில் கேளுங்கள். சரியாக ஊதியும் அப்படித்தான் என்றால் நுரையீரலின் முழுக் கொள்ளளவை அளக்கிற பெரிய பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஊதலில் கடைசியாக உள்ளே தங்குகிற காற்று தெரியாது, அதனால் ஊதலை மட்டும் வைத்து நுரையீரலே சுருங்கிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொன்று, கருவிக்குள் எந்த மக்களின் அளவுகள் ஒப்பீட்டுக்குப் போடப்பட்டிருக்கின்றன என்பதும் முக்கியம். ஐரோப்பியர் அளவோடு நேராக ஒப்பிட்டால் சுகமாக இருக்கிற நம் ஆட்களுக்கும் வீதம் குறைவாகவே வரும். எல்லையில் நிற்கிற எண் என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

'நோர்மல்' என்று வந்தால்? ஆஸ்மா ஏறி இறங்குகிற வருத்தம், நல்ல நாளில் ஊதினால் நல்லதாகவே காட்டும். அதனால் ஒரு நோர்மல் தாளோடு ஆஸ்மா இல்லை என்று சொல்லிவிட முடியாது, பம்ப்பை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

கருவி கிட்ட இல்லாவிட்டால்

நகரத்தில் பொது ஆஸ்பத்திரிக்கோ மார்பு நோய் கிளினிக்குக்கோ டொக்டர் எங்கே எழுதுகிறாரோ அங்கே போய்த் திகதி எடுக்கலாம். தனியாரில் சனல் பண்ணிப் போகிறவர்கள், பம்ப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு சுற்றும் செய்வார்களா, கோட்டுப் படத்தோடு முழுத் தாளும் தருவார்களா என்று காசு கட்டுவதற்கு முன் கேளுங்கள். சிக்கலான விஷயங்களுக்கு வெலிசறைத் தேசிய சுவாச நோய் வைத்தியசாலைக்கு அனுப்புவதுண்டு.

திகதி தூரத்தில் இருந்தால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பீக் ஃப்ளோ மீற்றர் என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் கருவி ஃபார்மசிகளில் விற்கிறது. காலையும் மாலையும், பம்ப் அடிப்பதற்கு முன், நின்றபடி மூன்று தரம் ஊதி, கூடின எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு கிழமை எழுதினால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். வேலையால் வருகிறதோ என்று சந்தேகம் இருந்தால் ஒரு நாளைக்கு நான்கு தரமாவது எழுதி, வேலை நாள், லீவு நாள் என்று பக்கத்தில் குறியுங்கள், டொக்டருக்கு அந்தக் கொப்பி பெரிய உதவி. ஆஸ்மா ஏற்கெனவே உறுதியானவர்களுக்குத் தங்கள் நல்ல எண்ணில் 80 வீதத்துக்கு மேல் என்றால் பயமில்லை, 50க்கும் 80க்கும் இடையில் என்றால் டொக்டர் எழுதித் தந்த திட்டப்படி மருந்தைக் கூட்ட வேண்டும், 50க்குக் கீழே என்றால் பம்ப்பை அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. சிஓபிடியை மட்டும் இந்தச் சின்னக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு ஊதல் பரிசோதனைதான்.

தாள் கிடைத்தவுடன் ஒரு போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள், ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டுங்கள். சில கருவிகள் அச்சடிக்கிற மெல்லிய தாளில் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிவிடும், அதனால் போட்டோக்கொப்பி எடுப்பது நல்லது. சிஓபிடிக்காரருக்கு வருடம் ஒரு தடவை போலத் திரும்ப ஊதச் சொல்வார்கள், அப்போது பழைய தாளும் புதிய தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க முடியும். மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ மாற்றி அனுப்பினாலும் அந்த முதல் தாளைக் கொண்டுபோங்கள்.